சவரிநாதனின் முதுகுக்கு மதிப்பெண்

சவரிநாதனுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. கைலாசபுரத்துத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தவர். மயிரிழை விரிசல் தெரிந்தாலும் ரிஜெக்ட் என்று எழுதிவிடுவார். மேலதிகாரி முறைத்தாலும் மாற்றமாட்டார். அப்பேர்ப்பட்ட மனிதர் அறுபத்தெட்டு வயதில் ஆஸ்பத்திரி அறையில் உட்கார்ந்து கூசாமல் புளுகிக்கொண்டிருந்தார்.

ஐந்து மாதத்துக்கு முன் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கியதற்கே அவர் முதுகெலும்பில் இரண்டு எலும்புகள் நசுங்கிப்போயின. எலும்பு அவ்வளவு மெலிந்திருந்தது. வலி எவ்வளவு, அன்றாடப் பாடு எப்படி என்று அளக்க, ஜஹானாரா என்ற ஆஸ்பத்திரிப் பெண் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கேள்வித்தாளோடு வருவாள். பூஜ்யம் என்றால் தொந்தரவே இல்லை. நாலு என்றால் படுமோசம்.

"குனிஞ்சு எடுக்க முடியுதுங்களா ஐயா?"

"தாராளமா. பூஜ்யம்."

"மாடிப்படி?"

"அதுக்கும் பூஜ்யந்தான்."

ஜஹானாரா பேனாவை நிறுத்தினாள். "போன தடவை எல்லாமே மூணு, நாலுன்னு சொன்னீங்களே?"

"மருந்து நல்லா கேக்குதும்மா."

புளுகுக்குக் காரணம் கதவோரம் நின்றிருந்தான். மகன் பெனடிக்ட். பக்கவாதத்தில் விழுந்த அம்மா பேட்ரிசியாவை இனி அப்பாவால் பார்த்துக்கொள்ள முடியாது, மன்னார்புரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்று ஒரு மாதமாகச் சொல்லிவந்தான். இன்றைய மதிப்பெண்ணைப் பார்த்து முடிவு செய்வதாகப் பேச்சு. நாற்பத்து நாலு வருஷம் கூடவே இருந்தவளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களே என்றுதான் இந்தப் புளுகு.

"கனமாத் தூக்குறது?"

"பூஜ்யம்" என்றார். அந்த நேரம் பார்த்து முதுகில் வலி வெட்டியது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

"பொய் சொல்றாரும்மா."

மகனுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்த பேட்ரிசியாதான் சொன்னாள். வாய் கோணினாலும் சொல் தெளிவாக வந்தது.

"பாத்ரூமுக்கு என்னைத் தூக்குறப்ப இவரு முதுகுல படக்குன்னு சத்தம் கேக்குது. அதனால காலையில ஒரு டம்ளரோட தண்ணி குடிக்கிறதையே நிறுத்திட்டேன். இவரு வைக்கிறதை ஜன்னலுக்கு வெளிய ஊத்திடுவேன்."

சவரிநாதன் அவளைத் திரும்பிப் பார்த்தார். இந்த ஏப்ரல் வெயிலில் எத்தனை நாளாக இப்படி வறண்டு கிடக்கிறாள்? பாத்ரூமுக்கு அடிக்கடி கேட்பதில்லை, உடம்பு தேறிவிட்டது என்று அவர் பக்கத்து வீடுவரை பெருமை அடித்திருந்தாரே!

"அதுக்குத்தாம்மா அந்த இல்லம்" என்று பெனடிக்ட் போனை எடுத்தான்.

"அங்க அப்பாவுக்குக் கட்டில் உண்டா?" என்றாள் பேட்ரிசியா.

"பொம்பளைங்க மட்டுந்தாம்மா."

"அப்படின்னா உன் வீட்டுல ரெண்டு கட்டில் போடு."

பெனடிக்ட் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜஹானாரா அந்தத் தாளைக் கிழித்துப்போட்டுப் புதுத் தாள் எடுத்தாள். "கடைசிக் கேள்வியை முதல்ல கேக்குறேங்க ஐயா. வரப்போற நாளை நினைச்சா பயமா இருக்கா?"

சவரிநாதன் மகனின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவன் இன்னும் போனிலிருந்து நிமிரவில்லை.

"நாலு போடுங்கம்மா" என்றார். "அதுக்கு மேல இருந்தா அதைப் போடுங்க."