கிதிர் முகம்மது ஆஜர்

என் வீட்டுக்காரருக்கு நாக்கில் சனி. படித்த சனி, அதுதான் வித்தியாசம். சங்கங்கள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்ச்சி செய்யச் சென்னையிலிருந்து தென்காசிக்கு வந்தார். ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்துக்கு எதிரிலேயே வீடு பிடித்தார். 1958 அது.

மாதக் கூட்டத்துக்கு வந்த உறுப்பினருக்குத்தான் அங்கே நூல். செயலாளர் அப்துல் மஜீது பெயர் வாசிப்பார். அவரவர் 'ஆஜர்' என்பார்கள். கிதிர் முகம்மது என்று வாசித்தால் யாராவது ஒருவர் 'ஆஜர்' சொல்லிவிடுவார். அந்த மனிதர் இறந்து, அவர்கள் பேச்சில் மவுத்தாகி, இரண்டு வருஷம். அவர் பெயரில் வந்த நூலை நெய்துதான் மனைவி சைதூன் பீவி பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றினாள். புதிய உறுப்பினர் சேர்க்கக் கூடாதென்று மேலிடத்து உத்தரவு, வேறு வழியில்லை.

இதைக் கண்டுபிடித்த அன்று இவருக்குத் தலைகால் புரியவில்லை. சட்டத்துக்குள் மனுஷர்கள் எப்படி இடம் பண்ணிக்கொள்கிறார்கள் பார் ருக்மிணி என்று ஒரே பூரிப்பு. அந்தப் பூரிப்போடு குற்றாலத்துக்குக் குளிக்கப் போனவர், அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த கூட்டுறவு இன்ஸ்பெக்டரிடம் எல்லாவற்றையும் புகழ்ந்து கொட்டிவிட்டு வந்தார்.

"இன்ஸ்பெக்டர்னு தெரிஞ்சா சொன்னேள்?"

"தெரிஞ்சுதான். ரசிப்பார்னு நெனைச்சேன்."

சொல்லும்போதே அவர் முகம் செத்துவிட்டது. உடனே ஓடிப்போய் மஜீதிடம் ஒப்புக்கொண்டார். மஜீது திட்டவில்லை, எப்போதும்போல் தேத்தண்ணீர் கொடுத்தாராம். திட்டியிருந்தால் மனுஷனுக்குச் சோறாவது இறங்கியிருக்கும்.

அடுத்த கூட்டத்தில் பெயர் வாசிக்க இன்ஸ்பெக்டரே வந்துவிட்டார்; இவரும் போய் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார். சங்கத்துக்கு ஒட்டுச்சுவர் சைதூன் பீவியின் வீடு. மனசு கேட்காமல் அன்று நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்திருந்தேன். அவள் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"கிதிர் முகம்மது."

சத்தமில்லை. இன்ஸ்பெக்டர் மறுபடி வாசித்தார். சைதூன் பீவியின் ராட்டை நின்றது.

"ஆஜர்."

இவர் குரல். பாவி மனுஷா, இப்போது சொல்லி என்ன பிரயோஜனம் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"சார், அவர் இறந்துட்டார்னு நீங்கதானே சொன்னீங்க?" இன்ஸ்பெக்டரிடம் கோபம்கூட இல்லை. அடுத்த பெயரை வாசித்தார்.

நூல் போயிற்றே, இனி பிள்ளைகளுக்கு என்ன செய்வாள் என்று அவள் முகத்தைப் பார்க்கக் கூசினேன். அவள் முக்காட்டை இழுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாசாமாசம் இந்தச் சுவத்துக்கு அங்கிட்டு அவுக பேரு கேக்கும். ஆஜர்னு சத்தம் வரும். இன்னைக்குத்தான் மாமி, அவுக மவுத்தானது."