ஞானத்தகப்பனின் சாட்சி

அனெஸ்டிஸ் தன் காண்ட்ராக்டர் லாஸ்காரிஸுக்குத் தர வேண்டியிருந்தது மூன்று லட்சத்து நாற்பதாயிரம் திராக்மா. மகள் டெஸ்பினாவின் ஞானஸ்நான விருந்துக்கும், அதே வருஷம் ஒழுகிய கூரைக்கு ஓடு மாற்றியதற்கும் வாங்கியது. வட்டி கிடையாது. பிள்ளைக்கு எண்ணெய் பூசித் தண்ணீரில் முக்கி எடுத்த ஞானத்தகப்பனே லாஸ்காரிஸ்தான். அப்படி ஆனபின் அவனும் பிள்ளையைப் பெற்றவனும் ஒருவருக்கொருவர் கும்பாரோஸ். கிரேக்கத்தில் கப்பல் பழுதுபார்க்கும் ஊரான எங்கள் பெராமாவில் அந்த உறவு கூடப்பிறந்த உறவுக்கு ஒரு படி மேல். "கும்பாரோஸ்கிட்ட வட்டி வாங்கினா என் கை அழுகிப் போகும்" என்று லாஸ்காரிஸே சொல்லியிருந்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவன் அதே கூரைக்குக் கீழே உட்கார்ந்து, தானே வாங்கி வந்த ஆட்டுத்தொடையைத் தானே அறுத்து எல்லோர் தட்டிலும் வைத்தான். டெஸ்பினா அவன் மடியில் இருந்தாள். உருளைக்கிழங்கை ஊதி ஊதி அவள் வாயில் ஊட்டினான்.

"செவ்வாய்க்கிழமை கோர்ட்டுல உன்னைக் கூப்பிடுவாங்க, கும்பாரே. ஒரே ஒரு வரிதான். ஸ்டாமாடிஸ் வாயில சிகரெட்டோட கப்பல் தொட்டிக்குள்ள இறங்கினான், நான் கண்ணால பார்த்தேன். அதுக்கு மேல ஒரு வார்த்தை பேச வேணாம். மிச்சத்தை வக்கீல் பார்த்துப்பாரு."

அனெஸ்டிஸ் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். தின்னவில்லை.

ஸ்டாமாடிஸின் பெண்டாட்டி ஹரிக்லியா அதே அறையில், கழுவுதொட்டியண்டை நின்று பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். அனெஸ்டிஸின் அக்காள். புருஷன் செத்து இரண்டு வருஷமாகத் தம்பி வீட்டுப் பின்னறையில்தான் இருக்கிறாள். கறுப்புத் துணி வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டது. லாஸ்காரிஸ் அவள் முதுகைப் பார்த்துப் பேசினான்.

"ஹரிக்லியாம்மா, நீ கோவிச்சுக்கக் கூடாது. செத்தவனுக்கு இனிமே என்ன நஷ்டம்? அவனைப் புடிச்சு ஜெயில்லயா போடப் போறாங்க? நான் உள்ள போனா எத்தனை வீட்டு அடுப்பு அணையும், யோசிச்சுப் பாரு."

அவள் திரும்பினாள். "அவர் மேல தப்புன்னு எழுதிட்டா எனக்குப் பென்ஷன் வராது. அதையும் யோசிச்சீங்களா?"

"நான் எதுக்கு இருக்கேன்? மாசா மாசம் பார்த்துச் செய்யறேன்."

"அப்போ இந்த வீட்டுல இன்னொரு கடனாளி."

லாஸ்காரிஸ் சிரித்தான். "வாயைப் பாரு. உன் புருஷன் ரயில் எஞ்சின் மாதிரி ஊதுவான்னு ஊருக்கே தெரியும். அவன் நெஞ்சு எரிஞ்சது பத்தாதுன்னு என் கப்பலையும் எரிச்சுட்டான், அந்த நாய்க்குப் பொறந்த..."

தேய்த்துக்கொண்டிருந்த வாணலியை அவள் இரண்டு கையாலும் பிடித்து அவன் முகத்தில் அறைந்தாள். புருவம் கிழிந்தது. ரத்தம் குழந்தையின் வெள்ளைச் சட்டையில் தெறித்தது. டெஸ்பினா வீறிட்டாள்.

அனெஸ்டிஸின் பெண்டாட்டி ஸ்மாரோ மேஜையைத் தள்ளிக்கொண்டு பாய்ந்து நாத்தனாரின் கொண்டையைப் பிடித்தாள். "பாவி! என் புள்ளைக்கு எண்ணெய் பூசின உடம்புடி அது! ஞானத்தகப்பன் ரத்தம் சிந்தினா அந்தப் பாவம் யார் தலையில விழும்? என் புள்ளை தலையில!" தொட்டியின் கல் விளிம்பில் அவள் முகத்தை மோதினாள். ஹரிக்லியாவின் உதடு பிளந்தது. அவள் வலிக்குக் கத்தவில்லை. ஸ்மாரோவின் கையைக் கடித்தாள். இருவரும் ஆட்டுக் கொழுப்பிலும் சோப்புத் தண்ணீரிலும் உருண்டார்கள்.

அனெஸ்டிஸ் விலக்கினான். விலக்கியவன், அக்காளைத்தான் கொல்லைப்பக்கம் தள்ளிக் கதவைத் தாழிட்டான்.

லாஸ்காரிஸ் நாப்கினைப் புருவத்தில் அழுத்திக்கொண்டு எழுந்தான். "விடு, விடு. பொம்பளை துக்கம்." வாசலில் நின்று மேலே பார்த்தான். "ஓடு நல்லா நிக்குதா, கும்பாரே? ஒழுகலையே?"

சட்டம் என்று ஒன்று இல்லாமலில்லை. எண்ணெய்க் கப்பலின் தொட்டிக்குள் வெல்டிங் நெருப்போடு ஆள் இறங்க வேண்டுமென்றால், அதற்கு முன் கெமிஸ்ட் ஒருவர் கருவியோடு உள்ளே இறங்கிக் காற்றைச் சோதிக்க வேண்டும். காஸ் இல்லை என்று சீட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சீட்டைத் தொட்டிவாயில் ஒட்ட வேண்டும். எங்கள் யார்டில் அந்தச் சீட்டு கேட்டுக்கு எதிரே உள்ள காபிக் கடையில் பிறந்தது. கெமிஸ்ட் அங்கேதான் உட்கார்ந்திருப்பார். காண்ட்ராக்டரின் ஆள் சீட்டுக் கட்டைக் கொண்டுபோய் வைப்பான். அவர் ஒரு கையில் சிகரெட், ஒரு கையில் பேனாவோடு வாரத்துக்கு வேண்டியதை மொத்தமாகப் போட்டுக் கொடுப்பார். காபிக்குக் காண்ட்ராக்டர் காசு.

அது எல்லோருக்கும் தெரியும். ஏன் ஒருவனும் வாய் திறக்கவில்லை என்று வெளியூர்க்காரன் கேட்பான். லாஸ்காரிஸ் கெட்டிக்காரன். எந்த வேலைக் கோஷ்டியில் கொஞ்சம் பேசக்கூடிய ஆள் இருக்கிறானோ, அவன் வீட்டுப் பிள்ளைக்கு இவன் ஞானத்தகப்பன் ஆகிவிடுவான். தங்கச் சிலுவை போடுவான், விருந்துக்குப் பணம் கொடுப்பான். பிறகு அவன் மேல் புகார் எழுதுவது எப்படி? கும்பாரோஸ் மேல் வழக்குக்குப் போகிறவன் கோயிலுக்குள் வரக்கூடாது என்று பாதிரியாரே பிரசங்கத்தில் சொல்லியிருக்கிறார். பாதிரியாரின் கோயில் மணியும் லாஸ்காரிஸ் வாங்கிக் கொடுத்ததுதான்.

ஸ்டாமாடிஸுக்குப் பிள்ளை இல்லை. அதனால் இரண்டு வருஷத்துக்கு முன், அன்றைக்குத் தொட்டிவாயில் நின்று அவன் கேட்டான்.

"கெமிஸ்ட் இறங்கினாரா?"

"சீட்டு ஒட்டியிருக்கு, கண்ணு தெரியலையா?" என்றான் லாஸ்காரிஸ்.

"சீட்டு இருக்கு. அவர் இறங்கினாரான்னு கேட்டேன். எனக்கு மூக்குல நாத்தம் வருது."

"மூக்கை வீட்டுல கழட்டி வெச்சுட்டு வா. நாளைக்குக் கப்பல் போகணும். முடியாதுன்னா சொல்லு, வெளியில வேலை இல்லாம நிக்கறானுங்க."

ஸ்டாமாடிஸ் கோட்டைக் கழற்றி மேல்தளத்துக் கம்பியில் மாட்டினான். சிகரெட் பாக்கெட்டும் லைட்டரும் அந்தக் கோட்டுப் பையில். தொட்டிக்குள் யாரும் அவற்றைக் கொண்டுபோவதில்லை. உயிர் மேல் ஆசையுள்ளவன் பழக்கம் அது. அனெஸ்டிஸ் மேலே நின்று காஸ் குழாயைக் கீழே விட்டுக்கொண்டிருந்தான். மச்சான் கீழே இறங்கி, வெல்டிங் டார்ச்சைப் பற்றவைத்தான்.

சத்தம் முதலில் காதில் கேட்கவில்லை, கால் வழியாக வந்தது. தொட்டிவாயிலிருந்து நெருப்பு ஒரு தூணாக எழுந்து அனெஸ்டிஸைத் தளத்தின் மறுகோடிக்கு வீசியது. அவன் கண்ணைத் திறந்தபோது தலைமயிர் கருகிய வாடை. கீழே மச்சானின் குரல். வார்த்தை இல்லை, வெறும் குரல். அது நிற்க ரொம்ப நேரமாயிற்று. கயிறு கட்டி இறங்கப் போனவர்களை உள்ளிருந்து வந்த சூடு இரண்டு தடவை திருப்பி அடித்தது. மேலே எடுத்து வந்தபோது உடம்போடு கயிறு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒருவன் கையைப் பிடித்துத் தூக்கப் போய், கையுறை கழன்றது என்று நினைத்தான். கையுறை அல்ல, தோல்.

ஆம்புலன்ஸ் வருமுன் லாஸ்காரிஸ் வந்தான். எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் நேரே கம்பிக்குப் போனான். கோட்டுப் பையிலிருந்து பாக்கெட்டையும் லைட்டரையும் எடுத்தான், தொட்டிவாய்க்கு வந்தான், உள்ளே போட்டான். திரும்பியபோது, தரையில் கிடந்த அனெஸ்டிஸின் கண்களைப் பார்த்தான்.

"ஒண்ணும் பார்க்கலை நீ, கும்பாரே," என்றான். பிறகு குனிந்து அவன் நெற்றியில் முத்தமிட்டான்.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்மாரோ புருஷனுக்குச் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பல் பட்ட கை வீங்கியிருந்தது.

"உன் அக்கா மேல எனக்கு என்ன பகை? ஆனா அவரு நாளைக்கே பணத்தை வைடான்னா, கூரையைப் பிரிச்சா குடுப்பே? யார்டுல வேற எவன் உனக்கு வேலை தருவான்? சொல்லிட்டு வந்துடு. ஒரு வரி."

"அவ கண்ணு முன்னாடி சொல்லணும், ஸ்மாரோ."

"தரையைப் பார்த்துச் சொல்லு."

பஸ்ஸில் ஹரிக்லியா முன் இருக்கையில் இருந்தாள். தையல் போட்ட உதட்டோடு ஜன்னல் பக்கம் பார்த்தபடியே வந்தாள். தம்பி இறங்கும்போது வழிவிட்டாள், அந்நியனுக்கு விடுவது போல.

நீதிமன்றத்தில் அனெஸ்டிஸ் லாஸ்காரிஸின் சாட்சி. பைபிள் மேல் கை வைத்தான். தலைமை நீதிபதி கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "குற்றம் சாட்டப்பட்டவர் உங்களுக்கு உறவா?"

"கும்பாரோஸ், ஐயா."

ஹரிக்லியாவுக்காக யூனியன் அனுப்பிய வக்கீல் கிரிசாந்தி சின்னப் பெண். கவுன் தோளில் நிற்காமல் நழுவிக்கொண்டிருந்தது. அவள் எழுந்தாள். "உறவு மட்டும் இல்லைங்க ஐயா. இந்தச் சாட்சி அவருக்கு மூணு லட்சத்து நாப்பதாயிரம் திராக்மா கடன்பட்டிருக்கார். கடன்காரன் வாயிலேர்ந்து வர்றது அவன் வார்த்தையா, கடன் குடுத்தவன் வார்த்தையா?"

கடன் விஷயத்தை வக்கீலிடம் ஹரிக்லியாதான் சொல்லியிருந்தாள். தம்பி சொல்லப்போகும் பொய் எடுபடக்கூடாது, அவ்வளவுதான் அவள் நினைப்பு.

லாஸ்காரிஸின் வக்கீல் அவன் முழங்கையைப் பிடித்தார். அவனோ அதற்குள் எழுந்துவிட்டான். பின் பெஞ்சுகளில் யார்டுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள், பாதிப் பேர் அவனுடைய கும்பாரோஸ்கள். அவர்கள் முன்னால், காசு கொடுத்துச் சாட்சி வாங்கியவன் என்று ஒரு சின்னப் பெண் சொல்கிறாள்.

"பொய்!" என்று கத்தினான். "ஞானத்தகப்பன் புள்ளைக்குச் செஞ்சது கடனா? அது சீர்! அன்பளிப்பு! இவன் எனக்கு ஒரு திராக்மா தர வேண்டியதில்லை! கன்னிமாதா மேல ஆணையா, ஒரு திராக்மா கூட!"

"உட்காருங்க," என்றார் நீதிபதி. குமாஸ்தாவிடம் திரும்பினார். "பதிவு பண்ணுங்க. கடன் எதுவும் இல்லைன்னு குற்றம் சாட்டப்பட்டவரே சொல்றார்."

தட்டச்சு மிஷின் தட்டி முடிக்கும்வரை அனெஸ்டிஸ் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதியாச்சுங்களா, ஐயா?"

"எழுதியாச்சு. நீங்க பார்த்ததைச் சொல்லுங்க."

அனெஸ்டிஸ் சொன்னான். தரையைப் பார்க்கவில்லை. கெமிஸ்ட் இறங்கவில்லை என்றான். மச்சான் நாற்றம் வருகிறது என்று சொன்னதைச் சொன்னான். கோட்டைச் சொன்னான். "பாக்கெட்டும் லைட்டரும் கோட்டுல இருந்துச்சு. அதை எடுத்துத் தொட்டிக்குள்ள போட்டது இவருதான். என் மச்சான் அப்பத்தான் வெளியில..."

லாஸ்காரிஸ் தடுப்புக் கட்டையைத் தாண்டி வந்தான். சாவிக்கொத்து விரலிடுக்கில் இருந்தது. முதல் குத்து தாடையில், இரண்டாவது வாயில். "நன்றி கெட்ட நாயே! என் கூரைக்குக் கீழே படுத்துக்கிட்டு!" மூன்றாவது குத்துக்குள் போலீஸ்காரர்கள் அவனைத் தரையில் அமுக்கினார்கள். பின் பெஞ்சிலிருந்து ஒருவனும் உதவிக்கு எழவில்லை, இரண்டு பேருக்குமே.

அனெஸ்டிஸ் ஒரு பல்லை உள்ளங்கையில் துப்பினான். நீதிபதி ஒத்திவைக்கலாம் என்றார். "வேணாங்க ஐயா," என்றான். வார்த்தை குழறியது. "என் மச்சான் அப்பத்தான் வெளியில எடுத்துப் போட்டுக் கிடந்தாரு. புகை வந்துக்கிட்டு இருந்துச்சு அவர் மேலேர்ந்து. அதையும் எழுதிக்கணும்."

சாயங்காலம் தீர்ப்பு வந்தது. ஸ்டாமாடிஸ் மேல் தப்பில்லை. லாஸ்காரிஸின் அலட்சியத்தால் ஓர் உயிர் போயிற்று, சிறைத் தண்டனை. கெமிஸ்டின் வழக்கு தனியே பிரிந்து எங்கோ தள்ளிப்போயிருந்தது.

தாழ்வாரத்தில் அனெஸ்டிஸ் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அக்காளிடம் வந்தான். "பென்ஷன் வந்துடும்க்கா."

ஹரிக்லியா அவனையே பார்த்தாள். "அவன் கடன் இல்லைன்னு சொல்லாம இருந்திருந்தா?"

அவன் கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டான்.

"கேக்கறேன்ல. சொல்லு."

"தெரியலைக்கா."

அவள் அவனுடைய கைக்குட்டையை வாங்கி, ரத்தம் படாத பக்கமாக மடித்து, அவன் கையில் திரும்ப வைத்தாள்.

தாழ்வாரத்துக் கோடியில் காசாளர் ஜன்னல் இருந்தது. அங்கே லாஸ்காரிஸ் நின்றுகொண்டிருந்தான். அவ்வளவு குறைந்த காலச் சிறைத் தண்டனையை நாள் கணக்குப் போட்டுப் பணமாகக் கட்டிவிடலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. அவன் தம்பி ஒரு பையில் நோட்டு கொண்டுவந்திருந்தான். காசாளர் விரலை நனைத்து நனைத்து எண்ணினார்.

ஹரிக்லியா ஜன்னலுக்குப் போனாள். லாஸ்காரிஸ் ஓர் அடி பின்வாங்கினான். அவள் கையில் ஒன்றும் இல்லை என்று கண்டபின் நின்றான்.

"இந்தப் பணம் யாருக்குப் போகுது?" என்று அவள் காசாளரைக் கேட்டாள்.

"அரசாங்கத்துக்கும்மா."

"செத்தது அரசாங்கமா?"

காசாளர் எண்ணுவதை நிறுத்தினார். விட்ட இடம் மறந்துபோயிற்று. லாஸ்காரிஸ் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தான். ஹரிக்லியா நகரவில்லை. அவர் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். கடைசி நோட்டுவரை அவள் நின்று பார்த்தாள். ரசீதில் முத்திரை விழுந்தது: பாக்கி இல்லை.