வாரேன்

பாலத்தின் நடுவில் ஒரு கல் மனிதன். சின்ன ஆள்தான். கல்லுக் கூரை ஒன்றின் மேல் உட்கார்ந்து, நெற்றியில் கையை வைத்து, தூரத்தில் யாரையோ தேடுகிறான்.

வெயிலுக்கு மறைக்கிற கை அது. அன்றைக்குச் சாயங்காலம் வெயில் இல்லை. மழை. அந்தக் கையிலிருந்து சொட்டுச் சொட்டாக மழை விழுந்தது.

யாரைத் தேடுகிறான் என்று கேட்டால் அந்த ஊரில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். நம் கதை அவனுக்குக் கீழே நின்ற இரண்டு பெண்களின் கதை.

ஊர் ரேகென்ஸ்பர்க். ஜெர்மனியில், டான்யூப் ஆற்றங்கரையில், கோட்டையும் கோபுரமுமாக அந்தக் காலத்திலேயே நின்றுபோன ஊர். ரேகன் என்றால் அங்கே மழை. ஆனால் ஊருக்குப் பேர் வந்தது மழையால் இல்லையாம், ரேகன் என்று பக்கத்தில் ஓடுகிற ஆற்றால். மகன் நயினார் விளக்கமாகத்தான் சொன்னான்.

"அப்ப இந்த மழை ஏம்ல நிக்க மாட்டேங்கு?" என்று கேட்டாள் ஆவுடைத்தாய்.

ஆவுடைத்தாய் சங்கரன்கோயில்காரி. சேலைக் கடையில் நின்று பேசிப் பேசியே சேலை விற்றவள். துண்டு வாங்க வந்தவளைப் பட்டு வாங்கிப் போக வைக்கிற வாய். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். பிழைத்தாள். அந்த வாயை வைத்துத்தான் ஒற்றை மகனைப் படிக்க வைத்தாள்.

புருஷன் போனதும் ஒரு மழை நாள்தான். "வாரேன்" என்று சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். வாசலில் நின்று பார்த்தாள். நின்றுகொண்டே இருந்தாள். அவர் வரவில்லை.

இப்போது மகன் ஒற்றைக் காலில் நிற்கிறான். ஃப்ரீடா. இந்த ஊர்ப் பெண். கட்டினால் அவளைத்தான், இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம். ஆனால் அம்மா சரி என்று சொல்லாமல் தாலி கட்ட மாட்டானாம். பிடிவாதத்துக்குள் ஒரு பிடிவாதம். யார் பிள்ளை?

"இன்னைக்கு அவளோட ஊரைச் சுத்திப் பாரும்மா. எனக்கு லீவு இல்ல. சாயங்காலம் பாலத்துக்கு வாரேன். அப்ப உன் முடிவைச் சொல்லு."

முடிவு அவளிடம் தயாராக இருந்தது. வேண்டாம்.

சாதி, சாமி, நிறம் எல்லாவற்றையும் விமானத்திலேயே மென்று விழுங்கிவிட்டாள். விழுங்க முடியாதது ஒன்றுதான். பேச்சு. நாளைக்கு இடுப்பு வலித்தால் யாரிடம் சொல்வது? சிரிப்பு வந்தால் யாரிடம்? மருமகளோடு சண்டை போடவாவது ஒரு பாஷை வேண்டாமா?

காலை. தூறல். ஈரக் கல் தெரு. மஞ்சளும் இளஞ்சிவப்புமாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கிற வீடுகள். ஃப்ரீடா முன்னால் போவாள், நின்று திரும்பிப் பார்ப்பாள், மறுபடி போவாள்.

பெரிய கோயில். இரட்டைக் கோபுரம் மேகத்தைக் குத்திக்கொண்டு நின்றது. வாசலில் ஆவுடைத்தாய் குனிந்து ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்தாள். போகிறவர்கள் பார்த்தார்கள். சாமி இருக்கிற இடத்துக்குச் செருப்புக் காலோடு போவதா? யாரும் பார்த்துவிட்டுப் போகட்டும்.

ஃப்ரீடாவும் குனிந்தாள். அவள் ஷூவையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

உள்ளே தரை ஐஸாகக் குளிர்ந்தது. அந்த நேரம் பார்த்து வெளியே வெயில் அடித்தது. வண்ணக் கண்ணாடி வழியாக இறங்கிய வெளிச்சம், பட்டுச் சேலையை உதறி விரித்த மாதிரி தரையில் விழுந்தது. ஆத்தாடி! ஆவுடைத்தாய்க்குக் கடை ஞாபகம் வந்துவிட்டது.

"மயில்கழுத்துக் கலரு!" என்றாள் வாய்விட்டு.

ஃப்ரீடா போனை நீட்டினாள். மறுபடி சொன்னாள். பேச்சை மாற்றிச் சொல்கிற அந்தப் போன் கேட்டுக்கொண்டு ஜெர்மனில் ஏதோ சொன்னது. அந்தப் பெண் அண்ணாந்து கூரையெல்லாம் மயிலைத் தேடினாள்.

சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பைப் பங்கு போட ஆள் இல்லை. அதுவும் வலித்தது.

வெளியே வந்தார்கள். ஷூ இரண்டு ஜோடியும் தூறலில் நனைந்திருந்தன. கயிறு கட்டிப் பழக்கமில்லாமல் அவள் தடுமாற, ஃப்ரீடா ஈரத் தரையில் மண்டியிட்டுக் கட்டிவிட்டாள். நல்ல பெண்தான். அதை யார் இல்லை என்றது? நல்ல பெண் என்பது வேறு, பேச ஆள் என்பது வேறு.

மத்தியானம் போன் தமிழில் கேட்டது: "தாங்கள் பசியுடன் இருக்கிறீர்களா?"

"இது யாருட்டி? செய்தி வாசிக்கிறவளா?"

ரொட்டியும் உருளைக்கிழங்கும் தின்றார்கள். ஃப்ரீடா எதையோ சொல்ல வாயைத் திறப்பாள், மூடிக்கொள்வாள். ஆவுடைத்தாயும் அப்படியே.

பிறகு பாலம். கல் பாலம். கீழே டான்யூப் சுழித்துச் சுழித்து ஓடியது. கல் மனிதன் நெற்றியில் கையை வைத்திருந்தான்.

இங்கேதான் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள். மகனிடம் சொல்லுமுன் இந்தப் பெண்ணிடம் முகத்துக்கு நேரே சொல்வதுதான் மரியாதை. ஆனால் எந்த வாயால்? ஒரு பெண்ணிடம் வேண்டாம் என்பதைச் செய்தி வாசிக்கிறவளை விட்டுச் சொல்வதா? அது ஆகாது.

மனசு வெறுத்துப் போயிற்று. மகன் வீடு கோயிலுக்குப் பின்னால்தானே, போய்ப் படுத்துவிடலாம். ஃப்ரீடாவின் கன்னத்தைத் தொட்டாள்.

"வாரேன் தாயி."

நம் ஊரில் போகிறவர்கள் போகிறேன் என்று சொல்வதில்லை. வாரேன் என்றுதான் சொல்வோம். போகும்போதும் வாரேன். ஒரேயடியாக விட்டுப் போகும்போதும் வாரேன். அவ்வளவுதான், முடிந்தது என்றுதான் அவள் சொன்னாள்.

ஃப்ரீடா தலையாட்டினாள். காலையில் வாங்கிப் பிடித்த ஆவுடைத்தாயின் பூப்போட்ட குடை ஃப்ரீடா கையிலேயே இருந்தது.

தெரு ஒரு தெருவுக்குள் விட்டது. அது ஒரு சந்துக்குள் விட்டது. எல்லா வீடும் ஒரே வீடாகத் தெரிந்தது. மறுபடி அதே ரொட்டிக் கடை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி ஆகிவிட்டது. அவள் போனில் அந்த ஊர் சிம் இல்லை. எதிரே வருகிறவர்களிடம் கேட்க வாய் திறந்தாள். துண்டுக்காரியைப் பட்டுக்காரியாக்கிய வாய். ஒரு சொல் வரவில்லை.

பயமாக இருந்தது. அதை மறைப்பானேன், அழுகையே வந்துவிட்டது.

கோபுரத்தைப் பார்த்தாள். ஊரில் வழி தப்பினால் கோபுரத்தைப் பார்த்துத்தானே வீடு சேர்வோம். இங்கேயும் அதைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். வலமாகவே சுற்றினாள், கால் பழக்கம். எந்தக் கதவு மகன் வீட்டுக் கதவு என்றுதான் தெரியவில்லை. ஈர ஷூ சளக் சளக் என்றது. வெளிச்சம் மங்கியது. மழை பிடித்துக்கொண்டது.

ஒரு சந்து முடிந்த இடத்தில் ஆறு. ஆற்றின் மேல் பாலம். வந்த வழிக்கே வந்திருந்தாள்.

பாலத்தில் ஆளே இல்லை. மழைக்கு எல்லோரும் ஓடிவிட்டார்கள். கல் மனிதனுக்குக் கீழே மட்டும் ஒரு பூப்போட்ட குடை.

ஃப்ரீடா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். குடையின் ஒரு ஓரத்தில் நின்றாள். ஒரு தோள் நனைந்து உதடு நீலம் பூத்திருந்தது. குடையின் மறுபாதிக்கு அடியில் யாரும் இல்லை. அந்தப் பாதி காய்ந்து கிடந்தது.

ஆவுடைத்தாயைப் பார்த்ததும் சிரித்தாள். போனை எடுக்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"நீங்க... வாரேன் சொன்னீங்க."

நயினார் ஃப்ரீடாவிடம் வாரேன் என்று சொன்ன நாளெல்லாம் வந்திருக்கிறான். அவள் அறிந்த வாரேன் அதுதான். வந்துவிடுவேன் என்று பொருள். சொன்னவர் வருவார், கேட்டவர் நிற்க வேண்டும்.

ஆவுடைத்தாய்க்கு, வாசலில் தான் நின்ற அந்த மழை நாள் ஞாபகம் வந்தது. ஆயுசில் எத்தனை பேரிடம் வாரேன் சொல்லியிருப்பாள்! அதை நம்பி யார் நின்றார்கள்? இந்தப் பிள்ளை நின்றிருக்கிறதே. பாஷை தெரியாத பிள்ளை, அந்த ஒரு சொல்லை முழுசாக நம்பி நின்றிருக்கிறதே.

குடைக்குள் போனாள். காய்ந்த பாதியில் நின்றாள். முந்தானையை எடுத்து ஃப்ரீடாவின் தலையைத் துவட்டினாள். "கிறுக்கச்சி, கிறுக்கச்சி" என்று திட்டிக்கொண்டே துவட்டினாள். திட்டு அவளுக்குப் புரிந்த மாதிரிதான் இருந்தது. குனிந்து தலையைக் காட்டினாள்.

நயினார் வந்தான். ஓடி வந்த மூச்சு. அம்மாவைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், கேட்கப் பயந்து நின்றான்.

"ஏல, நீ முன்னால போ" என்றாள் ஆவுடைத்தாய். "நாங்க வாரோம்."

அவனுக்கு முதலில் விளங்கவில்லை. நாலு எட்டு நடந்த பிறகு விளங்கிவிட்டது. நின்றான். கண்ணைத் துடைத்தான். அம்மா சொல் தட்டாமல் முன்னால் போனான்.

பாலத்தின் முனைக்குப் போய்த் திரும்பினான். மழை கண்ணில் விழாமல் நெற்றியில் கையை வைத்து, தூரத்தில் பார்த்தான்.

ஒரு குடைக்குள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள்.