இல்லாத மரக்கட்டை

பதினெட்டு நாளாகக் கடல் குளம் மாதிரி கிடந்தது. சனிக்கிழமை காலை அலை வந்ததுதான் தாமதம், ஊரே சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டது. பஸ் ஸ்டாண்டு தோற்றது போங்கள்!

அந்தக் கூட்டத்தில் மாஸ்டரும் இருந்தார். அலைச்சறுக்கு சொல்லிக்கொடுத்தே பிழைப்பவர். இரண்டு மணி நேரமாக ஒரு அலைகூடக் கிடைக்காமல் முகம் சுண்டிப்போயிருந்தது. பக்கத்தில் அவரிடம் படிக்கிற கேஷியர் அக்கா. ஐம்பது வயதில் ஆறு மாதமாகக் கற்றுக்கொள்கிறார். கரையோர நுரையில் பலகைமேல் எழுந்து நின்றிருக்கிறாரே தவிர, உடையாத அலையில் ஒரு தடவைகூட நின்றதில்லை. நாளைக்கு மாற்றலாகிக் கடலே இல்லாத ஊருக்குப் போகிறார். இன்று விட்டால் போச்சு.

அலை உடையத் தொடங்கும் இடத்துக்கு யார் பக்கத்தில் இருக்கிறாரோ, அலை அவருக்கு. மாஸ்டரின் முதல் பாடம் அது. "நான் நிறுத்துன்னு கத்தினா ஏன் எதுக்குன்னு கேக்காம நிறுத்தணும்" என்பது இரண்டாவது.

அப்போது வந்தது பாருங்கள் ஒரு அலை! அக்கா சரியான இடத்தில் இருந்தார். இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளினார், பலகை எழும்பியது. மாஸ்டருக்கு என்ன பேய் பிடித்ததோ, "நிறுத்துங்கக்கா!" என்று கத்தினார். அக்கா சட்டென்று நிறுத்தினார். அந்த அலையில் மாஸ்டர் போனார்.

அவர் திரும்பி வந்ததும் அக்கா கேட்டார். "என்ன மாஸ்டர் இருந்துச்சு?"

"மரக்கட்டை. பாதி முங்கிக் கிடந்துச்சு."

பொய் தானாக வழுக்கிக்கொண்டு வந்தது.

"ஐயையோ! நல்லவேளை பார்த்தீங்க."

அதோடு விட்டாரா? "கட்டை இருக்கு, தள்ளிப் போங்க, மாஸ்டரே பார்த்தாரு!" என்று ஒருவர் விடாமல் சொல்லிவிட்டார். மாஸ்டர் சொன்னால் அங்கே அப்பீல் ஏது? ஐந்து நிமிடத்தில் இடம் காலி. அருமையான அலைகள் ஆளில்லாமல் உடைந்தன. அக்கா மட்டும் பலகையில் குப்புறப் படுத்து, தண்ணீருக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா பண்றீங்க?"

"யார் தலையிலயாவது இடிச்சிரும் மாஸ்டர். தேடி எடுத்துப் போட்டுட்டுப் போறேன்."

மாஸ்டருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. கடைசி நாளில் அலையை விட்டுவிட்டு, இல்லாத கட்டையைத் தேடுகிற மனுஷி! வெட்கத்தில் காது மடல் எரிந்தது.

"அக்கா... கட்டை எதுவும் இல்லை."

"போயிருச்சா?"

"இல்லவே இல்லைக்கா. அந்த அலை எனக்கு வேணும்னு தோணுச்சு. அதான் கத்தினேன்."

அக்கா கையை வெளியே எடுத்தார். திட்டுவார் என்று மாஸ்டர் காத்திருந்தார். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. அக்கா பலகையில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பின்னால் அடுத்த அலை எழும்பியது.

"உங்களுக்குத்தான்க்கா, போங்க!" என்றார் மாஸ்டர்.

அக்கா நகரவில்லை. அலையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார்.

"நிஜமாவா மாஸ்டர்?" என்று கேட்டார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் அலை இருவரையும் தாண்டிப் போய்விட்டது.