‘விடு’ன்னு கத்தினது யாரு?

மைதானத்தின் நடுவட்டத்தை விட்டு அதிகம் நகரமாட்டான் என்பதால் அவனுக்கு ‘வட்டம்’ என்று பேர். பதினான்கு வருஷம் அதே கிளப், அதே நடுக்களம். கோல் போடுகிறவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடுவார்கள். பந்தைக் கொண்டுபோய் அவன் காலடியில் வைத்தவனை யார் சீந்துகிறார்கள்? வட்டம் அதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆளில்லை.

இந்த முறை அப்படி இருக்க முடியவில்லை. வயது முப்பத்து நாலு. ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. புதிதாக வந்த கோச், “ஒரு பயிற்சி ஆட்டம் பார்த்துட்டுச் சொல்றேன்” என்றிருந்தார். இன்னும் ஒரே ஒரு வருஷம் கிடைத்தால் போதும். வேறு எந்தக் கிளப்பும் இந்த வயதில் அவனைத் திரும்பிப் பார்க்காது. பந்தைத் தவிர வேறொரு எழவும் அவனுக்குத் தெரியாது. காலையில் ஷூ கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடியும் கட்டியதை மனைவி பார்த்துவிட்டாள்.

“என்னங்க, முதல் நாள் ஸ்கூலுக்குப் போற பிள்ளை மாதிரி?”

“போடி” என்றான். சிரிப்பு வரவில்லை.

அவர்கள் அணியில் ஒரு பழக்கம் உண்டு. பந்து வரும்போது பின்னாலிருந்து நம்ம ஆள் “விடு!” என்று கத்தினால் அதைத் தொடக்கூடாது. காலை அகட்டிப் பந்தைப் போகவிட வேண்டும், கத்தினவன் எடுத்துக்கொள்வான். யார், என்ன என்று திரும்பிப் பார்த்தால் காரியம் கெட்டது. வட்டத்துக்கு அந்தச் சொல் காதில் விழுவதும் கால் அகலுவதும் ஒன்றுதான்.

சும்மா சொல்லக்கூடாது, அன்றைக்கு உயிரைக் கொடுத்து ஓடினான். இரண்டு தடவை சின்னப் பசங்கள் அவனைத் தாண்டிப் போனார்கள்தான். ஆனாலும் ஒரு பந்தைக்கூட வீணாக்கவில்லை. நாற்பதாவது நிமிஷம், எல்லைக்கோட்டோரம் வந்து நின்ற வட்டத்தை நோக்கிப் பந்து வந்தது. முதுகுக்குப் பின்னால் “விடு!” என்று ஒரு குரல். அகட்டினான். பந்து கால்களுக்கு நடுவே உருண்டு போயிற்று. அங்கே நம்ம ஆள் ஒருத்தனும் இல்லை. எதிரணிக்காரன் ஒருவன் அலுங்காமல் எடுத்துக்கொண்டுபோய் கோல் போட்டான்.

இடைவேளையில், இடது ஓரத்தில் ஆடுகிறவனின் சட்டையைப் பிடித்து உலுக்கினான்.

“ஏன்டா, கத்திட்டு ஏன் வரல?”

“அண்ணே, சத்தியமா நான் வாயே திறக்கலண்ணே!”

ஆட்டம் முடிந்ததும் கோச் அறைக்குக் கூப்பிட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“நீங்க நல்ல ஆட்டக்காரர்தான். ஆனா சும்மா வந்த பந்தை விட்டுட்டீங்களே. அதுக்கப்புறம் நான் என்ன பண்றது, சொல்லுங்க?”

யாரோ கத்தினார்கள் என்று சொன்னால் பைத்தியம் என்பார்கள். வட்டம் கதவுப் பக்கம் திரும்பினான்.

வெளியே நடையில் துணைக் கோச் நின்றிருந்தார். ஒரு காலத்தில் இவனோடு சேர்ந்து ஆடியவர். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“உன்ன இன்னும் ஒரு வருஷம் வச்சுக்கலாம்னு கோட்டோரம் நின்னு கோச்கிட்ட மன்றாடிட்டு இருந்தேன்டா. அதெல்லாம் நேத்தே முடிவாயிடுச்சுன்னார். நான் விடல. கடுப்பாகி, ‘விடு!’ன்னு கத்திட்டார்.”

“எப்போ?”

“உன்கிட்ட பந்து வந்துச்சே, அப்போதான்.”

அட பாவி மனுஷா! பந்தைத் தொட்டிருந்தாலும் இதே கதிதான். அது தெரிந்தும் துளி ஆறுதல் வரவில்லை. வேண்டாம் என்று தள்ளினவன் சொல்லைக் கேட்டுத்தான் அந்தப் பந்தையும் விட்டுக்கொடுத்திருக்கிறான். நெஞ்சு எரிந்தது.

வீட்டு வாசலில் அவன் முகத்தைப் பார்த்ததுமே மனைவிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தோளில் தொங்கிய பையை வாங்கக் கை நீட்டினாள். அவன் பையின் வாரை இறுக்கிப் பிடித்திருந்தான்.

“விடுங்க” என்றாள்.

அவன் அசையவில்லை.

“விடுங்கன்னு சொல்றேன்ல.” அவள் குரல் உடைந்தது.

அவன் விடவில்லை.