திணை வழு

வயலினை விற்பதற்கு முன் ஒரு தாளில் எட்டு விதிகள் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டினேன். முப்பத்தொரு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் நான். எதையும் எழுதி, அடித்து, திருத்தி, கண்ணெதிரே ஒட்டிவைத்தால்தான் எனக்கு நிம்மதி. முன்பணம் அனுப்புகிறேன் என்பவனை நம்பாதே. கேட்ட விலைக்கு மேல் தருகிறேன் என்பவனை அறவே நம்பாதே. போனுக்கு வரும் ரகசிய எண்ணை யாரிடமும் சொல்லாதே. நேரில் வராமல் ஆள் அனுப்புகிறேன் என்றால் அங்கேயே பேச்சை முடி. வீட்டு முகவரி கொடுக்காதே, கேட்கவும் கேட்காதே. இப்படியே போகும். எட்டாவது விதி மட்டும் என் சொந்தச் சரக்கு: தமிழைத் தப்பாக எழுதுகிறவனுக்கு விற்காதே.

என் மனைவி அதை நின்று படித்துவிட்டு, "வயலின் விக்கிறீங்களா, வேலைக்கு ஆள் எடுக்கிறீங்களா?" என்று கேட்டாள். ஜன்னல் திரை தைக்கும் கடையில் அவளுக்கு வேலை. அவளும் என்னைத் தைக்கிற மாதிரிதான் பேசுவாள்.

வயலின் எங்கள் மகளுடையது. ஆறு வருடமாக அது எங்கள் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. மகள் பள்ளிக்கூடத்தில் நல்ல வேலையில் இருந்தாள். அதை உதறிவிட்டு வேறு ஊரில் ஒரு நாடகக் குழுவோடு வாசிக்கப் போகிறேன் என்றாள். நான் கத்தினேன். கத்தியும் அசையவில்லை என்றதும், "போறதுன்னா போ. வயலின் நான் வாங்கினது, அது இங்கதான் இருக்கும்" என்றேன். அது இல்லாமல் அவளால் ஒரு நாள்கூட இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அதைக் காட்டித்தான் அவளைக் கட்டிப்போடப் பார்த்தேன். அவள் பெட்டியைத் திறந்தாள். வில்லின் திருகைத் தளர்த்தினாள். மறுபடி மூடிக் கட்டிலின் மேல் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அவளைப் பாத்துக்கங்க" என்றாள். பெற்ற தாயை 'அவள்' என்கிறாளே என்று அதற்கும் சேர்த்துக் கோபப்பட்டேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை, நானும் பேசவில்லை. வீம்பில் அவள் என்னை உரித்து வைத்திருந்தாள்.

வாசிக்காமல் கிடந்தால் வாத்தியம் கெட்டுப்போகும் என்று பழுதுபார்க்கிறவர் ஒருமுறை சொன்னார். அதையே காரணமாக வைத்துக்கொண்டேன். உண்மைக் காரணம் வேறு. கட்டிலுக்கு அடியில் பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அந்தப் பெட்டியில் இடிக்கும். உள்ளே தந்திகள் லேசாக முனகும். அதைக் கேட்கும் தைரியம் எனக்குத் தீர்ந்துபோயிருந்தது.

இணைய விற்பனைத் தளத்தில் போட்ட விளம்பரத்தில், 'வயலின், முழு அளவு, வில்லும் பெட்டியும் உண்டு, அதிகம் பயன்படுத்தாதது' என்று எழுதினேன். கடைசி வார்த்தை பொய். பதினைந்து வருடம் அவள் கை பட்டுப் பட்டு, கழுத்துப் பகுதியில் வார்னிஷ் போய் மரம் வெளுத்திருந்தது.

முதல் இரண்டு நாள் எனக்கு நல்ல வேட்டை. ஒருவன் விலையே பேசாமல் பணம் அனுப்பிவிட்டதாக ஒரு படம் அனுப்பினான். தவறுதலாக ஒரு பூஜ்யம் கூடிவிட்டதாம், மிச்சத்தை உடனே திருப்பி அனுப்ப வேண்டுமாம். அந்தப் படத்தில் 'பரிமாற்றம் வெற்றிகறமாக முடிந்தது' என்று இருந்தது. வல்லின றகரத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு அவனுக்கே திருப்பி அனுப்பினேன். இன்னொருத்தி, நான் நிஜமான ஆள்தானா என்று சோதிக்க என் போனுக்கு ஓர் எண் வருமென்றும் அதைச் சொன்னால் போதுமென்றும் எழுதினாள். 'உருதிப்படுத்த' என்று எழுதியிருந்தாள். எழுத்துப் பிழையை வைத்தே திருடனைப் பிடித்துவிடுவேன் என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை ஒரு கணக்கிலிருந்து செய்தி வந்தது. முகப்புப் படம் கிடையாது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. அன்றுதான் தொடங்கிய கணக்கு.

'வணக்கம். அவள் இன்னும் விற்கப்படவில்லையே? நான் எடுத்துக்கொள்கிறேன். கேட்ட விலைக்கு மேலேயே தருகிறேன். தயவுசெய்து வேறு யாருக்கும் காட்ட வேண்டாம்.'

நான் சிரித்துவிட்டேன். நேரில் வர முடியுமா என்று கேட்டேன். 'நான் வெளியூரில் இருக்கிறேன். எனக்குப் பதிலாக ஒருவர் வந்து பெற்றுக்கொள்வார்' என்று பதில் வந்தது. போனில் பேசலாமா என்றதற்கு, 'பேச முடியாது. மன்னிக்கவும்.' ஃப்ரிட்ஜில் ஒட்டிய தாளைப் பார்த்தே எழுதினாற்போல ஒவ்வொரு விதியையும் மீறிக்கொண்டு வந்தது அந்தக் கணக்கு.

கொஞ்ச நேரம் கழித்து அதுவாகவே இன்னொன்று எழுதியது. 'அவளுடைய வில்லைத் தளர்த்தி வைத்திருக்கிறீர்களா? வெயில் படுகிற இடத்தில் அவளை வைக்க வேண்டாம்.'

மனைவி அப்போது பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்துப்போய் அவளுக்குப் படித்துக் காட்டினேன். "கேளு இதை. எங்கேயோ உக்காந்துக்கிட்டு மெஷின்ல போட்டுத் தமிழாக்கி அனுப்பறான். வயலினுக்கு 'அவள்' போட்டிருக்கு பாரு. உயர்திணைக்கும் அஃறிணைக்கும் வித்தியாசம் தெரியாத பய."

அவள் குழாயை மூடினாள். திரும்பாமல் நின்றாள். "அவங்களுக்கே குடுத்துடுங்களேன்" என்றாள்.

"உனக்கு இதெல்லாம் புரியாது. ஆள் அனுப்பறேங்கறான், கூடுதலா தர்றேங்கறான். வயலினும் போகும், பணமும் வராது."

"போனா போகட்டும். குடுத்துடுங்க."

அவள் குரல் ஒரு மாதிரி இருந்தது. கடைக்கு நேரமாகிவிட்ட எரிச்சல் என்று நினைத்தேன். நான் கூடத்துக்கு வந்து, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து, அந்தக் கணக்குக்கு எழுதினேன்: 'வயலின் அஃறிணை. அவள் அல்ல, அது. திருடுவதற்கு முன் தமிழ் கற்றுக்கொள்ளவும்.' அனுப்பிவிட்டு அந்தக் கணக்கைத் தடைசெய்தேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு தேநீர் போட்டுக் குடித்தேன்.

மறுநாள் பகலில் மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் வயலினை விற்றேன். வாங்கியவர் லிஃப்ட் மெக்கானிக். தப்பில்லாமல் எழுதினார், தானே வந்தார், கேட்ட விலையில் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கெஞ்சினார். இதைவிட நம்பிக்கையான ஆள் எங்கே கிடைப்பார்? நூலக வாசலில், கேமரா இருக்கிற தூணுக்குக் கீழே சந்தித்தோம். இணையத்தில் வாங்குவது விற்பது பற்றி, ஏமாற்றுக்காரர்களை அடையாளம் காண்பது பற்றி அவருக்கு அரை மணி நேரம் வகுப்பெடுத்தேன். பொறுமையாகத் தலையாட்டினார். தன் மகள் அடுத்த வாரம் வயலின் வகுப்பில் சேரப்போகிறாள் என்றார். பெட்டியைத் திறந்து அந்த வெளுத்த மரத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"யார் சார் வாசிச்சது? நல்லா வாசிச்ச கை மாதிரி இருக்கே."

"யாரும் இல்ல. வீட்டுல சும்மா கிடந்தது" என்றேன்.

அவர் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு போனார். நான் வெறுங்கையோடு பேருந்தில் வந்தேன்.

சாயங்காலம் மனைவி வந்ததும் பணத்தை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னேன். அவள் பணத்தைப் பார்க்கவில்லை. நேராகப் படுக்கையறைக்குப் போய்த் தரையில் மண்டியிட்டுக் கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

"அது அவதாங்க" என்றாள்.

எனக்கு விளங்கவில்லை. "எது?"

"புள்ளி வச்சு எழுதினது. நம்ம பொண்ணு. நீங்க விக்கப்போறீங்கன்னு நான்தான் அவகிட்ட சொன்னேன். வாராவாரம் கடைலேர்ந்து அவகிட்ட பேசுவேன். வாங்கறது தான்னு தெரிஞ்சா அப்பா தரமாட்டாரு, நீ வாயத் திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. நேத்து அவ்வளவு சொன்னேன், கேட்டீங்களா? சத்தியமாவது ஒண்ணாவது, இன்னைக்கு வந்து சொல்லிடணும்னுதான் நினைச்சுக்கிட்டே வந்தேன். அதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டீங்க."

"அவ ஏன் 'அவள்'னு எழுதணும்?" என்றேன். அந்த நேரத்திலும் இலக்கணம்தான் கேட்டேன்.

மனைவி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு நிஜமாவே ஞாபகம் இல்லையா? வாங்கின அன்னிக்கே அதுக்கு 'சின்னவ'ன்னு பேரு வச்சா. தங்கச்சி வேணும் தங்கச்சி வேணும்னு அழுத புள்ள, 'தங்கச்சி வந்துட்டா'ன்னு தூக்கிக்கிட்டுத் திரிஞ்சா. 'அப்பா, சின்னவ தூங்கறா'ன்னு உங்ககிட்ட வந்து சொன்னா. நீங்க பேப்பர் திருத்திக்கிட்டிருந்தீங்க. 'அவ இல்ல, அது. தூங்கறா இல்ல, கிடக்குது'ன்னு சொன்னீங்க. அதுக்கப்புறம் உங்க முன்னாடி அது, என்கிட்ட அவ. கடைசி வரைக்கும் அப்படித்தான்."

கடைசி வரைக்கும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அவளைப் பாத்துக்கங்க. அவள் தாயைச் சொல்லவில்லை. ஆறு வருடம் அந்த வார்த்தைக்காக நான் அவள்மேல் கோபமாக இருந்திருக்கிறேன்.

என் தொழிலில் இதற்கு ஒரு பெயர் உண்டு. ஒரு பொருளை ஆள் போலச் சொன்னால் திணை வழு, அதாவது பிழை. ஆனால் அளவுகடந்த பாசத்தில் அப்படிச் சொன்னால் அது பிழையில்லை, வழுவமைதி. நாய்க்குட்டியை ஒருத்தி 'என் கண்ணு வந்துட்டா' என்று கொஞ்சினால் அதில் யாரும் கை வைக்கக் கூடாது. முதல் மாதமே பழகிக்கொள்ளும் பாடம். எத்தனையோ கதைகளில் அப்படி வந்த வரிகளைத் திருத்தாமல் விட்டிருக்கிறேன். என் வீட்டு வரியைத்தான் இரண்டு முறையும் அடித்தேன்.

அந்தக் கணக்கின் தடையை எடுத்தேன். கணக்கே இல்லை, அழித்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக்கைப் போனில் பிடித்தேன். நல்லவர், உடனே எடுத்தார்.

"வயலினைத் திருப்பிக் குடுங்க. நீங்க குடுத்ததுக்கு ரெண்டு மடங்கு தர்றேன். இப்பவே அனுப்பறேன். நீங்க வரவேண்டாம், நான் ஆள் அனுப்பி எடுத்துக்கறேன்" என்று மூச்சுவிடாமல் சொன்னேன்.

"சார், நீங்கதானே நூலகத்துல சொன்னீங்க? கூடுதலா தர்றேன், முன்னாடியே அனுப்பறேன், ஆள் அனுப்பறேன்னு எவனாவது சொன்னா போனை வச்சிடுன்னு."

"என் பொண்ணு வாசிச்சதுங்க அது. அவ கேக்கறா."

"நான் கேட்டப்போ யாரும் வாசிக்கலைன்னீங்களே சார். இப்ப எங்கேருந்து பொண்ணு வந்துச்சு?" கோபமில்லாமல்தான் கேட்டார். "எம்பொண்ணு அதைக் கையை விட்டு இறக்க மாட்டேங்குது சார். மன்னிச்சுக்கங்க" என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டேன், மணி அடிக்கவில்லை. செய்தி அனுப்பினேன், ஒற்றை டிக்கோடு நின்றது. என்னையும் தடை செய்துவிட்டார். நான் சொல்லிக்கொடுத்த பாடம். அவர் வீடு எங்கே என்று தெரிந்தால் போய்க் காலில் விழுந்திருப்பேன். முகவரி கேட்காதே என்று எழுதி ஒட்டியவன் நான்தான்.

மனைவி தன் போனை என்னிடம் நீட்டினாள். "நீங்களே சொல்லுங்க. என்னால முடியாது."

கூப்பிட எனக்குத் தைரியமில்லை. எழுதினேன். 'அப்பா எழுதுகிறேன். அவளை விற்றுவிட்டேன்மா. நீ என்று தெரியாமல் போய்விட்டது. அவளைத் திரும்ப வாங்கப் பார்த்தேன், முடியவில்லை. நீ சொல்லிவிட்டுப் போனாய், அவளைப் பார்த்துக்கொள்ள எனக்குத் தெரியவில்லை.' வழக்கம்போல ஒருமுறை படித்துப் பார்த்தேன். எதையும் திருத்தவில்லை. அனுப்பினேன்.

உடனே படித்துவிட்டாள். எழுதுகிறாள் என்று காட்டியது. நின்றது. மறுபடி எழுதினாள், மறுபடி நின்றது. மனைவி மூக்குக்கண்ணாடி இல்லாமல் என் தோளை ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்து ஒரே வரி வந்தது.

'அவளை இல்லப்பா. அதை.'

ஆறு வருடம் கழித்து என்னை அப்பா என்று கூப்பிட்டிருந்தாள். அடுத்து ஏதாவது வருமா என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை.

"என்ன சொல்றா?" என்று மனைவி கேட்டாள்.

"திருத்தியிருக்கா" என்றேன்.