கருப்பட்டி நிறத்தில் ஒரு ரவிக்கை

குஞ்சம்மாளின் தையல் கடைக்கு ஆபத்து ஒரு முதுகின் வழியாக வந்தது.

1979 வைகாசி. திருச்செங்கோட்டில் தேர்த் திருவிழா. கோயில் வரிசையில் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்த சென்னியம்மாள் கண்ணைத் திறந்தபோது, இரண்டு பெரிய கண்கள் அவளை இமைக்காமல் பார்த்தன. முன்னால் நின்ற பெண்ணின் ரவிக்கை முதுகில் நூலால் தைத்த கண்கள். தேங்காய்த் தட்டு கைநழுவி உருண்டது. தைத்தது யார் என்று அங்கேயே விசாரித்தாள். பதில் தெரிந்ததும் கோபம் இரட்டிப்பானது. குஞ்சம்மாளின் கடை இருந்த கட்டடமே சென்னியம்மாளுடையது.

சென்னியம்மாளின் மகன் கல்யாணம் முடிந்த கையோடு கடையைக் காலி செய்துவிட வேண்டும் என்று மாலையே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். கல்யாணம் ஆவணியில்.

காலி செய்தால் எங்கே போவது? குஞ்சம்மாளுக்கு இடம் கொடுக்க ஊரில் வேறு ஆள் கிடையாது. அதற்குக் காரணம் ஒரு காகிதம். பனமரத்துப்பட்டியிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, ஒழுங்காகத் தைத்துக்கொண்டிருந்தவள்தான். ஒருநாள் பட்டன் பொட்டலத்தைச் சுற்றி ஒரு வெளிநாட்டுப் பத்திரிகைத் தாள் வந்தது. அதில் ஒரு வெள்ளைக்காரியின் கவுன். வயிற்றில் ஒரு ஜன்னல். ஜன்னலில் ஒரு காக்கை. பார்த்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். குஞ்சம்மாள் மட்டும் ஜன்னல் கதவுக்கு எப்படி மடிப்பு வைத்திருப்பார்கள் என்று யோசித்தாள்.

அவ்வளவுதான், புத்தி பிசகிவிட்டது என்றது ஊர். கோழிப்பண்ணைக்காரர் மனைவிக்குக் கை நுனியில் விரிசல் விட்ட முட்டை, உள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஓர் அலகு. லாரிக்காரர் மனைவிக்கு முதுகில் இரண்டு சிவப்பு விளக்கு. அதைப் பார்த்து டவுன் பஸ் பிரேக் போட்டதாகப் பேச்சு. பெண்கள் கமுக்கமாக வந்து தைத்துக்கொண்டார்கள். கட்டடம் வைத்திருந்த ஆண்கள் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பினார்கள்.

ஆடி பிறந்ததும் கடை வாசலில் ஒரு புல்லட் வந்து நின்றது. இறங்கியவன் சின்னுசாமி. சென்னியம்மாளின் மகன், ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டி முதலாளி, மாப்பிள்ளை. முகம் மட்டும் மாப்பிள்ளை முகமாக இல்லை.

அவன் சொன்ன சங்கதி இது. அம்மா ஆயுசில் ரவிக்கை போட்டதில்லை. அந்தப் பக்கத்தில் அவள் வயதுக்காரிகள் பலர் அப்படித்தான், சேலையோடு சரி. பெண் வீடு சேலம் டவுன். பெண்ணின் அத்தை வள்ளியாத்தாள் பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. மாப்பிள்ளையின் அம்மா ரவிக்கை போட்டுத்தான் மேடையில் நிற்க வேண்டும், போட்டோ எடுப்பார்கள், சேலத்துப் பெரிய மனிதர்கள் வருவார்கள் என்று அத்தை கறாராகச் சொல்லிவிட்டாள். அப்படியானால் நீயே போய்த் தாலி கட்டிக்கொண்டு வா என்றுவிட்டாள் அம்மா. கையில்லாத ரவிக்கையாவது போடேன் என்று இவன் கெஞ்சியதற்கு, சினிமாக்காரியாட்ட என்னை நிக்கச் சொல்றியா என்று துடைப்பத்தைத் தேடினாளாம்.

"அம்மா மனசோட போட்டுக்கற மாதிரி ஒண்ணு தச்சுக் குடுங்க. போட்டுட்டாங்கன்னா கடையப் பத்தி நான் பேசறனுங்க."

மறுநாளே குஞ்சம்மாள் கிளம்பினாள். கையில் மலைக்கோயில் மஞ்சள் கயிறு, வழியில் வாயில் போட மடியில் ஒரு சில்லுக் கருப்பட்டி.

சென்னியம்மாள் தோட்டத்துக் களத்தில் கடலைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரியைப் பார்த்து முகத்தைத் திருப்பினாலும், கோயில் கயிறு என்றதும் கையை நீட்டினாள். குஞ்சம்மாள் மேல் கையில் கயிற்றைச் சுற்றி, சுற்றளவைக் கட்டைவிரலால் குறித்துக்கொண்டாள். மார்பளவுக்கு அவளுக்குக் கண்ணே போதும். பிறகு எதிரில் உட்கார்ந்து தானும் உரிக்கத் தொடங்கினாள்.

அப்போதுதான் அந்தக் கைகளைச் சரியாகப் பார்த்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரை பச்சை குத்தியிருந்தது. ஒரு கையில் கொடுக்கைத் தூக்கிய தேள். மறு கையில் தேர். முழங்கைக்குக் கீழே புள்ளிக் கோலம்.

"ஏனுங்காத்தா, ரவிக்கை மேல அப்படி என்னங்க கோவம்?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்ல அம்மிணி. சின்னப் புள்ளையில பல்லக் கடிச்சுட்டு உக்காந்து குத்துன பச்சை. ஒரு வாரம் கை வீங்கிக் கெடந்துச்சு. அதத் துணியப் போட்டு மூடோணுமாக்கும்?"

உரித்துக்கொண்டிருந்த குஞ்சம்மாளின் விரல் நின்றது. மடியிலிருந்த கருப்பட்டியை எடுத்து, வாயில் போடுகிற பாவனையில் அந்தக் கைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாள். அச்சு அசல் அதே நிறம்.

அடுத்த பஸ்ஸில் சேலம். அம்மாபேட்டைச் சாயப்பட்டறையில் வெள்ளியங்கிரி கருப்பட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இந்த நிறத்துத் துணி உடுத்துவதற்கா காபியில் போடுவதற்கா என்று கேட்டார். ஆனாலும் நிறம் பிடிபடும் வரை முக்கி முக்கி எடுத்துக் கொடுத்தார். பச்சை நூலோடு கறுப்பு நூலை முறுக்கி, பழைய பச்சையின் மங்கலைக் கொண்டுவந்தாள் குஞ்சம்மாள். கையின் ஓரம் தெரியாமல் இருக்க, அங்கே ஒரு வரிசைப் புள்ளி வைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலை. சென்னியம்மாள் பொட்டலத்தைப் பிரித்தாள். உள்ளே அவளுடைய இரண்டு கைகளும் மடிந்து கிடந்தன.

அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திரும்பி வந்தபோது ரவிக்கை போட்டிருந்தாள். பார்த்தால் போடாத மாதிரி இருந்தது. சின்னுசாமி அம்மாவை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தான்.

"அம்மிணி, இங்க வா. எனக்குத் தேளு எந்தக் கையில?"

குஞ்சம்மாள் இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். எதிரில் உட்கார்ந்து மனப்பாடம் செய்தவள், வலத்தை இடமாக ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள். வலக்கைத் தேள் இடக்கையில் இருந்தது. தேர் வலக்கைக்கு வந்திருந்தது. பிரித்து மாற்றிக் கோக்க நேரமில்லை. பெண் வீட்டார் அழைப்புக்கு வேன் வாசலில் நின்றது. கடை போயிற்று என்றே நினைத்தாள். தப்பு தன்னுடையதுதான் என்று மெல்லச் சொன்னாள்.

சென்னியம்மாள் இடக்கையைத் தூக்கிப் பார்த்தாள். வலக்கையைப் பார்த்தாள். பிறகு துணியை லேசாகச் சுருட்டி அடியில் எட்டிப் பார்த்தாள்.

"வெளிய ஒண்ணு, உள்ள ஒண்ணு. இப்ப ரெண்டு கையிலயும் தேளு, ரெண்டு கையிலயும் தேரு. எவளுக்குடா இப்படி இருக்குது?"

சின்னுசாமி அப்போதுதான் மூச்சு விட்டான். குஞ்சம்மாளுக்கு மூச்சு வரவில்லை. கடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே.

முகூர்த்தம். மேடையில் நின்ற சம்பந்தியைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டாள் வள்ளியாத்தாள். மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பள்ளிக்கூட நடையில் படியேறினாள். நாதஸ்வரக்காரரே ஒரு நொடி வாயை எடுத்துவிட்டார்.

"என்ன சம்பந்தி இது? பேசுன பேச்சு என்னாச்சுங்க?"

"தொட்டுப் பாருங்க."

வள்ளியாத்தாள் தேள் மேல் ஒரு விரலை வைத்தாள். அது துணி. கிள்ளிப் பார்த்தாள். துணிதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி கிள்ளினாள். முன்வரிசைச் சேலத்துப் பெண்கள் எழுந்து மேடைக்கு வந்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு கிள்ளு. தாலி கட்டுவதற்கு இடமில்லாமல் மாப்பிள்ளை ஓரமாக நின்றான்.

வள்ளியாத்தாள் குரலைத் தணித்தாள். சின்ன வயதில் தனக்கும் பச்சை குத்திக்கொள்ள ஆசையாம். வாத்தியார் வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் எதற்கென்று அப்பா விடவில்லையாம்.

"இதத் தச்சவங்க எனக்கு ஒரு கிளி போட்டுத் தருவாங்களா?"

கூட்டத்தின் ஓரத்தில் குஞ்சம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். சென்னியம்மாளின் பதில் மண்டபத்துக்கே கேட்டது.

"தருவா, தருவா. கடை நம்ம கட்டடத்துலதான் இருக்குது. எப்ப வேணாலும் வாங்க, அவ எங்கீம் போகமாட்டா."

அடுத்த ஆண்டுகளில் கடையைப் பெரிதாக்கப் பக்கத்துச் சுவர் இடிபட்டது. மெஷின்கள் கூடின. சேலம் கடைவீதியில் தையல்காரர்கள் 'குஞ்சம்மாள் கை' என்று ஒரு கையைத் தைக்கத் தொடங்கினார்கள். நிறம் மட்டும் யாருக்கும் சரியாக வரவில்லை. ஊசிக்குப் பயந்தவர்கள், பச்சைக்கு வீட்டில் திட்டு வாங்கியவர்கள் எல்லாம் துணியில் குத்திக்கொண்டார்கள். 1986இல் ஒரு கல்லூரிப் பெண் வந்து கையில் ஒன்றும் வேண்டாம், வயிற்றுப் பக்கம் ஒரு ஜன்னல் வேண்டும் என்றாள்.

திறந்ததா சாத்தினதா என்று கேட்டுக்கொண்டே குஞ்சம்மாள் அளவு நாடாவை எடுத்தாள்.